டீச்சரிடம் கேளுங்கள்: உங்கள் வேலைக்குள்ளேயே இருக்கிற இங்கிலீஷ்

இந்த மாதம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன: இங்கிலீஷை எப்படி வளர்த்துக்கொள்வது, சொற்களை எப்படி மனதில் நிறுத்துவது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதற்கே பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். நகரப் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் இங்கிலீஷ் படிப்பித்தவள் நான். இந்தக் கேள்விகளைப் பார்த்தால் இன்றைக்கும் கை துருதுருக்கிறது.

நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுகிறேன், டீச்சர். விலை சொல்வேன், ‘யெஸ் சேர்’, ‘கம் மேடம்’ சொல்வேன். அதற்குப் பிறகு வாய் கட்டிவிடும். போன மாரியில் ஒரு மாதத்தில் இங்கிலீஷ் என்று போட்ட புத்தகம் ஒன்று வாங்கினேன். ரயில் டிக்கெட் எடுப்பது, வங்கியில் கணக்குத் திறப்பது என்று போனது. மூன்றாம் பாடத்தோடு மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்புத்தான் படித்தது. இனி எனக்கு ஏறுமா?
– படகோட்டி, நிலாவெளி

ஏறும் தம்பி. அந்தப் புத்தகத்தை மூடி வைத்ததும் நல்லதுதான். வங்கியில் கணக்குத் திறக்கிற இங்கிலீஷ் உங்களுக்கு என்றைக்குத் தேவை? நிலாவெளியில் இருக்கிறவர் அதைத் தமிழிலேயே செய்துவிட்டு வரலாம். தேவைப்படாத சொல் தலையில் தங்காது. அது உங்கள் மூளையின் குறை இல்லை.

கரையிலிருந்து தீவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் உங்கள் வாயிலிருந்து வரவேண்டியது என்னென்ன என்று நினைத்துப் பாருங்கள். ஆட்கள் ஏற முன்னர், ‘ப்ளீஸ் புட் ஒன் யோர் லைஃப் ஜக்கெட்.’ ஏறியதும், ‘ப்ளீஸ் சிட் இன் த மிடில்.’ அலை தூக்கும்போது, ‘ஹோல்ட் ஒன் டைட்.’ இறங்கும்போது, ‘வாட்ச் யோர் ஸ்டெப்.’ தண்ணீருக்குள் போக முன்னர், ‘ப்ளீஸ் டோன்ட் ஸ்டேண்ட் ஒன் த கோரல்.’ விட்டுவிட்டுத் திரும்பும்போது, ‘ஐ வில் கம் பெக் அட் இலெவன்.’ இவ்வளவும் உங்களுக்கு வந்துவிட்டால் உங்கள் படகில் ஏறுகிறவர் பயமில்லாமல் ஏறுவார். முருகைக்கல்லும் கொஞ்சம் தப்பும்.

ஒன்றைக் கவனியுங்கள். நான் ‘கோரல் என்றால் முருகைக்கல்’ என்று எழுதித் தரவில்லை. சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டால், பேசவேண்டிய நேரத்தில் அதற்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்று தேடவேண்டி வரும். தேடுகிற அந்த இரண்டு விநாடியில்தான் வாய் கட்டுகிறது. வசனத்தை முழுசாகப் பிடியுங்கள். பிறகு ‘கோரல்’ இருந்த இடத்தில் ‘ராக்’ போடலாம், ‘இலெவன்’ இருந்த இடத்தில் ‘டுவெல்வ்’ போடலாம்.

அடுத்தது அவர்கள் கேட்கிற கேள்விகள். அவை எப்போதும் ஒன்றுதான் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சுறா இருக்கிறதா என்பார்கள். ‘யெஸ், ஸ்மோல் வன்ஸ். பிளக்டிப் ரீஃப் ஷார்க்ஸ். தே ஆர் ஷை.’ ஏன் பிஜன் ஐலண்ட் என்று பெயர் என்பார்கள். ‘பிகோஸ் ராக் பிஜன்ஸ் லிவ் ஹியர்.’ எங்கள் மாடப்புறாதான் அது. இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசையென்றால், இந்தத் தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்கா ஆனது என்று சொல்லுங்கள். ஆண்டுகளைச் சொல்லும் முறையையும் சேர்த்துப் பழகுங்கள். 1963ஐ இரண்டாக உடைத்து ‘நைன்டீன் சிக்ஸ்டி த்ரீ’ என்பார்கள். 2003ஐ அப்படி உடைக்கமாட்டார்கள், ‘டூ தௌசண்ட் அண்ட் த்ரீ’. பயணிகளோடு வேலை செய்கிறவருக்கு இலக்கம் பிழைத்தால் நேரமும் பிழைக்கும், காசும் பிழைக்கும். அதனால் மணி, விலை, ஆண்டு மூன்றையும் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகவேண்டும்.

இனி நான் தருகிற எல்லாவற்றிலும் பெறுமதியான வசனம்: ‘வாட் டு யூ கோல் திஸ் இன் இங்கிலிஷ்?’ கையில் நங்கூரத்தைத் தூக்கிக் காட்டிக் கேளுங்கள், ‘ஆங்கர்’ என்பார்கள். துடுப்பைக் காட்டுங்கள். தண்ணீருக்குள் கிடக்கிற கடலட்டையைக் காட்டுங்கள். கேட்ட சொல்லை அப்போதே ஒருதரம் திருப்பிச் சொல்லுங்கள், சரியா என்று அவர்களே சொல்வார்கள். இன்னுமொன்று, உங்கள் படகில் வருகிற ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அவர்களும் பள்ளிக்கூடத்தில் தட்டுத்தடுமாறிப் படித்தவர்கள்தான். அவர்கள் முன்னால் கூசத் தேவையில்லை.

என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் வரைக்கும் டொக்யார்டில் பட்டறை வேலை செய்தார். சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பார். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாததால் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் எனக்கு இன்றும் பாடம்: ‘ஸ்லக்கன் ஓஃப் – தளர்த்து. டைட்டன் அப் – இறுக்கு. ஈஸி ஈஸி – மெல்ல. ஹோல்ட் இட் தெயர் – அப்பிடியே பிடி.’ ஸ்பெனர், றிவெட், வோஷர், வால்வு என்று பட்டறையில் கிடந்த சாமான் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. இங்கிலீஷ் பத்திரிகை வாசிக்க அவருக்கு வராது. ஆனால் வெள்ளைக்கார ஃபோர்மன் சொன்ன ஒரு வேலையும் அவருக்கு விளங்காமல் போனதில்லை. நான் பிறகு பயிற்சிக் கல்லூரியில் படித்த எந்தக் கற்பித்தல் முறையையும்விட அந்தக் கொப்பியைத்தான் அதிகம் நம்புகிறேன்.

நீங்களும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம், தம்பி. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்திலும் எழுதுவித்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் பழகிய பயணி யாராவது இருந்தால் அந்த வசனத்தை உங்கள் போனில் சொல்லிப் பதிந்து தரச் சொல்லுங்கள், சந்தோசமாகச் செய்வார்கள். வாடைக்காற்றுக்குப் படகு கரையேறிக் கிடக்கிற மாதங்களில் அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, கூடவே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வலை பொத்தலாம், என்ஜின் கழுவலாம். சித்திரை கழிந்து கடல் அடங்கும்போது உங்கள் வாயும் திறந்திருக்கும்.

உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறேன். பெரிய சொற்கள் போட்டு எழுதினால் புள்ளி கூடும் என்று ரியூசனில் சொல்லி, கடினமான சொற்பட்டியல் ஒன்று தந்தார்கள். நாளுக்கு இருபது சொல் பாடமாக்குகிறேன். ஒரு கிழமையில் மறந்துவிடுகிறது. கட்டுரை திரும்பி வரும்போது முழுக்கச் சிவப்பு. போன கட்டுரையில் ‘தெயர் வோஸ் அ பிக் ரெயின் அண்ட் வீ டிஸ்கஸ்ட் அபௌட் த ஃப்ளட்’ என்ற வசனத்தில் மட்டும் இரண்டு இடத்தில் வட்டம் போட்டிருந்தார்கள். அதில் கடினமான சொல்லே இல்லையே, டீச்சர்?
– மாணவி, மூதூர்

மகள், உங்கள் கேள்வியின் கடைசி வசனத்திலேயே பதில் இருக்கிறது. கடினமான சொல் எதுவும் இல்லாத இடத்தில்தான் பிழை வந்திருக்கிறது. அந்த இடம் சரியாகாமல் மேலே பெரிய சொல் வைத்தால் புள்ளி ஏறாது.

தமிழில் மழை பெய்யும், வெயில் எறிக்கும், காற்று அடிக்கும், பனி கொட்டும். ‘மழை எறித்தது’ என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. ஒவ்வொரு சொல்லுக்கும் கூட வருகிற சொல் ஒன்று இருக்கிறது, நாங்கள் அதைக் கேட்டே பழகிவிட்டோம். இங்கிலீஷிலும் அப்படித்தான். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ரோங்’, தேத்தண்ணிக்கும் ‘ஸ்ட்ரோங்’. பிழையை ‘மேக்’ பண்ணுவார்கள், வீட்டுவேலையை ‘டூ’ பண்ணுவார்கள், போட்டோவை ‘டேக்’ பண்ணுவார்கள். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது, அதனால் ‘அபௌட்’ வராது: ‘வீ டிஸ்கஸ்ட் த ஃப்ளட்.’ அதேபோல ஒருவரை ‘மேரீட் டு’ என்பார்கள், ‘மேரீட் வித்’ இல்லை. உங்கள் கொப்பியில் இனி ஒரு சொல்லைத் தனியாக எழுதவேண்டாம். கூட வருகிற சொல்லையும் இழுத்துக்கொண்டு வந்து எழுதுங்கள்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்ற கேள்விக்கு ஆட்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தே விடை கண்டிருக்கிறார்கள். மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் வங்காளத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்தவர். எழுத்தில் அடிக்கடி வருகிற ஏறக்குறைய 2000 சொற்களை, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு வருகிறது என்ற கணக்கோடு 1953இல் பட்டியலாக வெளியிட்டார். சாதாரணமாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை எடுத்தால் அதிலுள்ள சொற்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்ட அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். லோங்மன் மாணவர் அகராதி தன்னிடம் உள்ள எல்லாச் சொற்களுக்கும் இப்படிப்பட்ட ஏறக்குறைய 2000 சொற்களை வைத்தே விளக்கம் எழுதுகிறது. அப்படியென்றால் அந்த 2000 உங்கள் கைக்குள் இருந்தால் மிச்சம் எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே விளங்கிக்கொள்ளலாம் என்றுதானே கருத்து? ஆகவே முதலில் அது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் போக எண்ணம் இருந்தால், நியூசிலாந்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலுக்குப் போங்கள். அதில் 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், கொன்செப்ட், டேட்டா, மெதட் மாதிரியானவை. எந்தப் பாடம் படித்தாலும் முன்னால் வந்து நிற்கும் சொற்கள் அவை. ரியூசனில் தந்த பட்டியலை அலுமாரிக்குள் வையுங்கள்.

சொற்களைக் குடும்பமாகப் பிடிப்பதும் நல்லது. ‘டிசைட்’ தெரிந்தால் அன்றைக்கே ‘டிசிஷன்’ ஐயும் எழுதி, அதற்குக் கூட வருவது ‘மேக்’ என்றும் எழுதிவிடுங்கள்: ‘மேக் அ டிசிஷன்.’

இனி மறதி. ஹெர்மன் எபிங்கவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவைத்தார்: படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது, அதற்குப் பிறகு போகிற வேகம் குறைகிறது. ஒரே இருப்பில் இருபது தரம் சொல்வதைவிட, இடைவெளி விட்டு ஐந்து தரம் திரும்பிப் பார்ப்பது மேல். செபஸ்தியான் லைட்னர் என்பவர் 1972இல் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார், அதைத்தான் என் வகுப்புகளில் செய்வித்தேன். பழைய கொப்பி மட்டையைச் சீட்டுச் சீட்டாக வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் தமிழில் வசனம், மறுபக்கத்தில் இங்கிலீஷில். தீப்பெட்டி மாதிரி நாலைந்து பெட்டி வேண்டும். புதுச் சீட்டு முதற் பெட்டியில், அதை ஒவ்வொரு நாளும் பாருங்கள். சரியாக வந்தால் இரண்டாம் பெட்டிக்குப் போகும், அது மூன்று நாளுக்கு ஒருதரம். பிறகு கிழமைக்கு ஒருதரம், பிறகு மாதத்துக்கு ஒருதரம். எந்தப் பெட்டியில் பிழைத்தாலும் சீட்டு மீண்டும் முதற் பெட்டிக்கு வரவேண்டும். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து இங்கிலீஷைச் சொல்லுங்கள், மறுபக்கமாகச் செய்தால் சுலபமாக இருக்கும், பயன் குறையும். நாளுக்கு இருபது வேண்டாம் மகள், ஏழெட்டுப் போதும்.

படம் பார்க்கும்போது கீழே எழுத்து தமிழில் போடுவதா, இங்கிலீஷில் போடுவதா?
– வாசகர், கந்தளாய்

இங்கிலீஷில். தமிழில் போட்டால் கண் தமிழை வாசிக்கும், காது தூங்கிவிடும். படம் முழுவதையும் அப்படிப் பார்க்கத் தேவையில்லை. ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து எழுத்தோடு ஒருதரம், எழுத்தில்லாமல் ஒருதரம் பாருங்கள். படம் அலுத்தால் பிபிசியின் இங்கிலீஷ் கற்கிறவர்களுக்கான சேவையில் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் இலவசமாக இருக்கின்றன, பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். வாசிப்பேன், எழுதுவேன், அறிக்கை எல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் வாய் திறந்தால் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருநாள் தொலைபேசியில் நான் சொன்ன அளவு மறுமுனையில் வேறாகக் கேட்டுவிட்டது. நல்லவேளை, திரும்பக் கேட்டார்கள். அதிலிருந்து பயமாக இருக்கிறது.
– தாதி, திருகோணமலை

தங்கச்சி, சிரிப்பை விடுங்கள், அந்த அளவு விஷயத்தை முதலில் பார்ப்போம். அது பதினைந்தும் ஐம்பதுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உலகம் முழுவதும் காது பிழைக்கிற இடம் அது. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் அழுத்தம் பின்பக்கம் விழவேண்டும், ‘டீன்’ நீளவேண்டும், முடிவில் ‘ன்’ தெளிவாகக் கேட்கவேண்டும். ‘ஃபிஃப்டி’ என்பதில் அழுத்தம் முன்னால், ‘டி’ குறுகிப்போகும். நாங்கள் தமிழ்ப் பழக்கத்தில் இரண்டையும் ஒரே சீராகச் சொல்கிறோம், அதனால் மற்றவர் காதில் வித்தியாசம் விழுவதில்லை. பதின்மூன்றும் முப்பதும், பதினாறும் அறுபதும் இப்படியே. மருந்தளவு சொல்லும்போது உச்சரிப்பை மட்டும் நம்பவே வேண்டாம். இலக்கத்தை உடைத்தும் சொல்லுங்கள்: ‘ஃபிஃப்டீன், வன் ஃபைவ்.’ ‘ஃபிஃப்டி, ஃபைவ் ஸீரோ.’ கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் வையுங்கள்: ‘ப்ளீஸ் ரீட் இட் பெக் டு மீ.’ நன்றாக இங்கிலீஷ் கதைக்கிற மருத்துவமனைகளிலும் இதுதான் பாதுகாப்பான வழக்கம். இதைச் செய்வதால் உங்கள் மதிப்புக் குறையாது.

இனி மற்ற உச்சரிப்பு. தமிழ் வாய்க்கு வழக்கமாகச் சிக்குவது சில ஒலிகள்தான். அச்சில் நாங்கள் ஆய்த எழுத்துப் போட்டு ‘ஃபீவர்’ என்று எழுதிவிடுகிறோம். வாய் ‘பீவர்’ என்கிறது. மேற்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைத்துக் காற்றை ஊதுங்கள். உதடு இரண்டும் ஒட்டினால் அது ‘ப’ ஆகிவிடும். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், பல் தெரியவேண்டும். ‘ஸீரோ’வின் முதல் ஒலி அடுத்தது. தொண்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்’ என்று இழுத்தால் அதிர்வு இருக்காது. வாயை அப்படியே வைத்துக்கொண்டு வண்டு இரைகிற மாதிரிக் குரல் கொடுங்கள், விரலில் அதிரும். அதுதான் ஒலி. ‘வார்ட்’ என்று சொல்லும்போது உதட்டைக் குவியுங்கள், பல் படக்கூடாது. ‘வெயின்’ என்று இரத்த நாளத்தைச் சொல்லும்போது பல் படவேண்டும். எங்கள் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் சிக்கல்.

ஆனால் இந்த ஒலிகள் எல்லாவற்றையும்விட விளங்குவதற்கு முக்கியம் அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சம மரியாதை. இங்கிலீஷில் ஒரு அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும். ‘ஹொஸ்பிட்டல்’ முதலாம் அசை. ‘இன்ஜெக்‌ஷன்’ இரண்டாம் அசை. ‘டெம்பரேச்சர்’ முதலாம் அசை, மிச்சம் எல்லாம் விரைவாக உருண்டு போய்விடும். ‘-ஷன்’ என்று முடிகிற சொற்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு: அழுத்தம் எப்போதும் அந்த ‘ஷன்’னுக்கு முந்திய அசையில் விழும். ஒப்பரேஷன், இன்ஃபெக்‌ஷன், மெடிக்கேஷன், எதை எடுத்தாலும் பாருங்கள். உங்கள் வார்டில் அன்றாடம் புழங்குகிற சொற்களை எழுதி, ஓங்கவேண்டிய அசைக்குக் கீழே கோடு போட்டு, ஓங்கும்போது மேசையில் தட்டிச் சொல்லுங்கள். போனில் உள்ள அகராதிகள் சொல்லிக் காட்டும், கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சிரிக்கிறவர்களைப் பற்றி ஒரே ஒரு சொல். நோயாளிக்கு முன்னால் சகவேலையாளின் உச்சரிப்பைச் சிரிப்பது அந்தத் தொழிலுக்கே அழகில்லை. அதை நீங்கள் அவர்களிடம் தமிழில் நேரே சொல்லலாம்.

மகன் நாலாம் வகுப்பு. நான் ஓ.எல். (சாதாரண தரம்) வரைக்கும், இங்கிலீஷுக்கு எஸ் (சாதாரண சித்தி) எடுத்தனான். வீட்டில் இங்கிலீஷில்தான் கதைக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு வராது. நான் அவனுக்கு எப்படி உதவி செய்வது?
– ஓர் உம்மா, கிண்ணியா

நீங்கள் எடுத்த எஸ் நாலாம் வகுப்புப் புத்தகத்துக்குத் தாராளம், தங்கச்சி. அரசாங்கம் இலவசமாகத் தந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இரவில் ஒரு பக்கம் இருவரும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். கதையை முதலில் தமிழில் சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று விளங்கிய பிள்ளைக்குச் சொல் தானாகப் பிடிபடும். வீட்டில் இங்கிலீஷ்தான் என்ற ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். உம்மாவிடம் நிறையக் கதை கேட்டு, நிறையக் கேள்வி கேட்டு வளர்கிற பிள்ளையிடம் கருத்துகள் நிறைய இருக்கும். கருத்து இருந்தால் அதற்கு இரண்டாவது பெயர் வைப்பது சுலபம். உங்களுக்கு வராத மொழியில் நாலு வசனத்தோடு வீட்டுப் பேச்சைச் சுருக்கிக்கொண்டால் பிள்ளைக்கு இரண்டும் குறைந்துபோகும்.

அவன் ‘ஹீ கோ ஸ்கூல்’ என்றால் ‘பிழை’ என்று நிறுத்தாதீர்கள். ‘யெஸ், ஹீ கோஸ் டு ஸ்கூல்’ என்று பதிலாகவே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். காது பிடித்துக்கொள்ளும்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் டவுனுக்கு வருகிற நாட்களில் ஜன்னல் பக்கம் அவனை இருத்துங்கள். எங்கள் ஊர்ப் பலகைகள் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் இருப்பது பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு. தமிழை வாசித்துவிட்டு இங்கிலீஷில் அந்தச் சொல் எது என்று கண்டுபிடிக்கட்டும். மருந்துக்கடைப் பலகையில் ‘ஃபார்மசி’ என்ற சொல்லில் ‘பீ’யும் ‘எச்’சும் சேர்ந்து ‘ஃப’ ஒலி தருவதைக் காட்டுங்கள். பிறகு போன், போட்டோ என்று அதே எழுத்துச் சோடி வருகிற இடங்களை அவனே தேடிப் பிடிப்பான்.

இரண்டு மாதத்தில் ஐஈஎல்டிஎஸ் எழுதவேண்டும். என்ன புத்தகம் வாங்கலாம்?
– வாசகர், சீனன்குடா

புத்தகத்துக்கு முன்னர் இந்தச் சர்வதேச இங்கிலீஷ் சோதனையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டல் ஏறக்குறைய 30 நிமிடம், வாசிப்பு 60, எழுத்து 60, நேரில் பேசுவது 11 முதல் 14 நிமிடம். புள்ளி 9 வரை. எழுத்தில் இரண்டு வேலை: ஒன்று குறைந்தது 150 சொல், மற்றது 250 சொல். இரண்டாவதற்கு முதலாவதைப்போல இரண்டு மடங்கு பெறுமதி என்பதால் நேரத்தில் 40 நிமிடத்தை அதற்கு வைத்துக்கொள்ளவேண்டும். கேம்பிரிட்ஜ் வெளியிடுகிற பழைய வினாத்தாள் தொகுப்பில் ஒன்றை மணிக்கூடு வைத்துச் செய்து பாருங்கள். எந்தப் பகுதி விழுகிறதோ இரண்டு மாதத்தையும் அதற்கே கொடுங்கள். எழுதிக் கட்டாயம் யாரிடமாவது திருத்துவியுங்கள். திருத்தாத கட்டுரை நூறு எழுதினாலும் அதே பிழைதான் நூறு தரம் பழகும்.

தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவன், வயது 71. மகன் கனடாவில். பேரப்பிள்ளைகள் இருவரும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். ஞாயிறு தோறும் போனில் முகம் பார்க்கிறோம். ‘ஹவ் ஆர் யூ’, ‘ஃபைன்’ உடன் முடிந்துவிடுகிறது. இந்த வயதில் கற்க ஆசைப்படுவது சரியா?
– வாசகர், உவர்மலை

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் திரும்பத் திரும்ப வாசித்தேன். புதிதாகப் பாடமாக்குகிற வேகம் வயதோடு குறையும், உண்மை. ஆனால் சொற்களின் அறிவு முதுமையிலும் நன்றாகவே நிலைத்து நிற்கிறது. அதோடு உங்கள் தலைமுறைக்குத் தபால் வேலையில் இங்கிலீஷ் விலாசமும் படிவமும் பழக்கம். அடியில் நிறையக் கிடக்கிறது, மேலே எடுக்கவேண்டும்.

பேச்சு ‘ஃபைன்’ உடன் முடிவதற்குக் காரணம் கேள்வி. ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்குப் பிள்ளை ஒரு சொல்லில்தான் பதில் சொல்லும். ‘வாட் டிட் யூ ஈட் டுடே?’, ‘ஹூ டிட் யூ ப்ளே வித்?’, ‘ஷோ மீ யோர் டிராயிங்.’ இந்த மூன்றையும் இந்தக் கிழமை பழகுங்கள். பிள்ளை வேகமாகச் சொல்லி விளங்காமல் போனால் தலையாட்டி விடாதீர்கள். ‘சே இட் அகெய்ன், ஸ்லோலி’ என்று கேளுங்கள். பிள்ளைகள் அதற்குக் கோபிப்பதில்லை. அவர்கள் சொன்ன ஒரு புதுச் சொல்லை அன்றைக்கே எழுதிவைத்து அடுத்த ஞாயிறு அதையே திருப்பிக் கேளுங்கள்: ‘ஹவ் இஸ் யோர் டீச்சர்? இஸ் ஷீ ஸ்டில் ஸ்ட்ரிக்ட்?’ தாத்தா நினைவில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை அடுத்த தரம் தானே கதை கொண்டு வரும்.

கேள்வி மட்டும் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும், நீங்களும் சொல்லவேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களைப் போனில் படம் எடுங்கள். ‘லுக், அ டியர். ஐ சோ ஃபைவ் டியர் டுடே.’ இந்தச் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றுதான், பின்னால் ‘ஸ்’ சேர்க்கத் தேவையில்லை. பிறகு ‘இன் தமிழ், வீ சே மான். கேன் யூ சே மான்?’ என்று கேளுங்கள். கனடாவில் கோடையானால் இங்கே மாலை ஏழரைக்கு டொரொன்டோவில் காலை பத்து மணி. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக இருக்கிற நேரம் அது. இரவு பிந்தி எடுக்காமல் அந்த நேரத்துக்கே எடுங்கள், மகனையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் மொழிபெயர்க்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.